மதுரையில் கலைக்கூடம் இல்லையா? ஒரு பழைய டிராயிங் மாஸ்டரின் பதில்

திருமங்கலத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பு. நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து காலண்டர் பின்பக்கம் வரை எதையும் விடாமல் படம் வரைகிறாள். கோடை விடுமுறையில் சென்னை போனபோது எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஓவியக் கூடங்களைப் பார்த்துவிட்டு வந்தாளாம். அன்றிலிருந்து “நம்ம ஊர்ல ஏன்மா இப்படி ஒண்ணு இல்ல?” என்று ஒரே நச்சரிப்பு. மதுரைப் பக்கம் கூட்டிப் போய்க் காட்ட என்னதான் இருக்கிறது, தெருப் பிள்ளைகளின் படங்களை வைத்து ஒரு சின்னக் கண்காட்சி நடத்த முடியுமா என்று இரண்டு கேள்வி.

அரசுப் பள்ளிகளில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலைந்த பழக்கத்தில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழும்பூரில் இருப்பது போல ஓவியத்துக்கென்றே ஒதுக்கிய கட்டடம், அதற்குள் நூறு வருஷச் சேகரம் என்று மதுரையில் தேடினால் கிடைக்காது. ஆனால் சேகரமே இல்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். சேகரம் இருக்கிறது, கூடம்தான் ஊர் முழுக்கப் பிரிந்து கிடக்கிறது. கொஞ்சம் மண்டபத்தில், கொஞ்சம் விதானத்தில், கொஞ்சம் மலைமேல்.

ஏன் அப்படி ஆனது என்று உங்கள் மகளுக்குச் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு வருஷங்கள் போதும். சென்னை அருங்காட்சியகம் தொடங்கியது 1851. மாகாணத்தின் தலைநகரம், கையில் பணம், கேட்டால் கொடுக்க ஜமீன்தார்கள். ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909இல் திறந்த அந்தச் சிவப்புக் கல் கட்டடம் விக்டோரியா நினைவு மண்டபமாகத்தான் பிறந்தது. 1951இல்தான் தேசியக் கலைக்கூடம் ஆயிற்று. 1878இல் புதையல் சட்டம் வந்தபின் வயலில் ஏர் முனையில் சிலை தட்டுப்பட்டால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். அப்படிக் கிடைத்த செப்புத் திருமேனிகளில் பலவும் ஜில்லாக்களிலிருந்து ரயிலேறிச் சென்னைக்குப் போயின. மதுரைக்கு அரசு அருங்காட்சியகம் வந்தது 1981இல், ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்த வருஷம். இடையில் நூற்றுமுப்பது வருஷம். அவ்வளவு பிந்திப் பந்திக்கு வந்தால் இலையில் என்ன விழும்?

சரி, எங்கே தொடங்குவது? நான் எப்போதும் ஆயிரங்கால் மண்டபத்தில்தான் தொடங்குவேன். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ளேயே கலை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். வீரவசந்தராயர் மண்டபத்தில் 2018 பிப்ரவரியில் தீ விபத்து நடந்த பிறகு அந்தப் பக்கம் வேலைகள் நடந்துகொண்டே இருப்பதால், போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஆயிரங்கால் மண்டபம் அரியநாத முதலியார் 1569இல் கட்டியது. பெயர்தான் ஆயிரம்; எண்ணினால் 985 தூண். பிள்ளைகளை எண்ணவிட்டால் ஆளுக்கொரு கணக்கு வரும், சண்டையும் வரும்.

அதே 2018இலிருந்து கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. பலர் புலம்புகிறார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம். போன் இருந்தால் தூணுக்கு ஒரு வினாடி, அடுத்த தூணுக்கு ஒரு வினாடி என்று நகர்ந்துவிடுவார்கள். இல்லாவிட்டால் நின்றுதான் ஆக வேண்டும். ஒரு பரீட்சை அட்டை, நாலு தாள், ஒரு 2பி பென்சில். உட்கார்ந்து வரையலாமா என்று அங்குள்ள ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நடைபாதையை மறிக்காமல் ஓரமாக இருந்தால் பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை.

ரதி, மன்மதன், மோகினி, குழலூதும் பெண் என்று பெரிய உருவங்கள் நிற்கும். முழு உருவத்தையும் வரையச் சொல்லாதீர்கள், பாதியில் அழுகை வரும். ஒரே ஒரு கை. இல்லாவிட்டால் காலும் தண்டையும். அப்போதுதான் ஒன்று தெரியும்: உருவமும் தூணும் ஒரே கல். முழங்காலுக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருக்கும், அதன் வழியாக அந்தப்பக்கத்து வெளிச்சம் வரும். உளி நுழைகிற இடமில்லை, ஆனாலும் நுழைத்திருக்கிறான். தாளில் அந்த இடுக்கைக் கறுப்பாக அடைத்தால்தான் கால் முன்னால் வரும். நிழல் என்றால் என்ன என்று வகுப்பில் நான் கரும்பலகையில் மூன்று மாதம் கத்தியதை அந்த ஒரு சந்து அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடும்.

கோயிலுக்குள் நடராசர் சன்னிதியான வெள்ளியம்பலத்தையும் விடாதீர்கள். மற்ற ஊர்களில் நடராசர் தூக்குவது இடது கால்; மதுரையில் வலது கால். கால் மாறி ஆடிய கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் சன்னிதியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தவரிடம் எந்தக் கால் என்று கேட்டுப் பாருங்கள், யோசிப்பார். ஒருமுறை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், வெளியே வந்து நினைவிலிருந்து வரைந்தான். “சார், கால் மாறிப்போச்சு, அழிச்சிட்டு வரையவா?” என்றான். அழிக்க வேண்டாம், உள்ளே போய் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன். திரும்பி வந்தவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பொற்றாமரைக் குளத்தை ஒட்டிய ஊஞ்சல் மண்டபத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டும். மீனாட்சி திருக்கல்யாணம், ராணி மங்கம்மாள் தன் பேரன் விஜயரங்க சொக்கநாதனோடு நிற்கிற காட்சி, எல்லாம் விதானத்தில். அரசனுக்கு வயது வராததால் பாட்டி ஆண்ட காலம் அது, 1689 முதல் 1706 வரை. கழுத்து வலிக்கும், வண்ணமும் மங்கல். காவி, மஞ்சள் மண், சுண்ணாம்பு வெள்ளை, புகைக்கரி இவ்வளவுதான் அந்தக் காலத்துப் பெட்டியில் அதிகம் புழங்கியவை. இருபத்துநாலு நிறப் பெட்டி கேட்டு அடம் பிடிக்கும் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடமில்லை. இதே நாயக்கர் காலத்து வரிசையில் அழகர்கோயில் வசந்த மண்டபத்திலும் ராமாயணம் முழுக்கக் கதையாக ஓடும். கோயில் பார்த்துவிட்டுப் பழமுதிர்சோலைக்கு ஓடுகிற கூட்டத்தில் அதை எட்டிப் பார்ப்பவர் குறைவு.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென்று கட்டியது. தையல் மிஷின், எவர்சில்வர், புத்தகக் கடை எல்லாம் அடைத்துக் கிடந்தபோது நாயக்க அரசர் சிலைகளின் இடுப்புக்குமேல்தான் தெரியும், கீழே துணிமூட்டை. கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகுதான் ஊருக்கே அந்தத் தூண்கள் தெரிந்தன. நாயக்கர் மகாலைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். நாடகசாலையில் தொல்லியல் துறையின் காட்சிக்கூடம் இருக்கிறது, சுதை வேலை கண்ணைப் பறிக்கும். ஆனால் பிள்ளைகள் அங்கே தூணைக் கட்டிப்பிடித்து அளப்பதிலும் புறா விரட்டுவதிலும்தான் இருப்பார்கள். நானும் தடுப்பதில்லை.

தல்லாகுளம் பக்கம் போனால் ஒரே வளாகத்தில் இரண்டு. மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் காந்தி நினைவு அருங்காட்சியகம், நேரு 1959 ஏப்ரல் 15இல் திறந்துவைத்தது. பக்கத்திலேயே நான் சொன்ன அரசு அருங்காட்சியகம். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி இங்கே இருப்பது தெரிந்ததே. அதே மனிதர் 1921 செப்டம்பர் 22இல் மேலமாசி வீதி வீட்டில்தான் சட்டையைக் கழற்றி அரை வேட்டிக்கு மாறினார். இரண்டையும் ஒரே நாளில் காட்டுங்கள். மேலமாசி வீதியிலிருந்து தமுக்கம் வரை ஒரு துணியின் கதையாகவே நடந்து முடித்துவிடலாம்.

இந்த மாதிரிக் கூடங்களில் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, “ஏன் சார் இருட்டா வச்சிருக்காங்க?” நல்ல கேள்வி. துணி, காகிதம், வாட்டர்கலர் எல்லாம் வெளிச்சத்தைத் தின்று தின்று சாயம் போகிறவை. போன சாயம் திரும்பாது. அதனால் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் வேண்டாம் என்பது அருங்காட்சியகங்களில் பொதுவான வழக்கம். எண்ணெய் வண்ணமென்றால் 150, 200 வரை தாங்கும். வீட்டு ஜன்னலை ஒட்டி மாட்டிய கல்யாண போட்டோ பத்து வருஷத்தில் நீலம்பாரித்து நிற்பதைக் காட்டினால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

ஒரு கண்காட்சியை எப்படி அடுக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள வேண்டுமா, கீழடிக்குப் போங்கள். ராமேசுவரம் சாலையில் சிலைமான் தாண்டித் திரும்ப வேண்டும், மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர் போல. ஜில்லாக் கணக்கில் சிவகங்கை, நடைமுறைக்கு மதுரைதான். 2023 மார்ச்சில் திறந்தார்கள். செட்டிநாட்டு வீடு மாதிரிக் கட்டியிருக்கிறார்கள், கூடம் கூடமாகப் பிரித்து வேளாண்மை தனி, பானை தனி, ஆடை அணிகலன் தனி, கடல் வணிகம் தனி. பானைக் கூடத்துக்குக் “கலம் செய் கோ” என்று புறநானூற்றிலிருந்து பெயர். அப்படிப் பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு.

அங்கே எல்லோரும் பெரிய பானைக்கு முன்னால் நிற்பார்கள். நீங்கள் ஓட்டுத் துண்டுகளுக்கு முன்னால் நில்லுங்கள். கறுப்பு சிவப்புப் பானை ஓடு: உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. இரண்டு வண்ணம் பூசியதல்ல. சூளையில் கவிழ்த்து வைத்தால் உள்பக்கமும் வாயும் காற்றுப் படாமல் கறுக்கும், வெளிப்பக்கம் காற்றும் நெருப்பும் பட்டுச் சிவக்கும். நெருப்பையே தூரிகையாக வைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டின் தோளில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் “ஆதன்”, “குவிரன்” என்று பெயர். இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தால் கீறலின் ஓரம் பிசிறு பிசிறாக உடைந்திருக்கும். பச்சை மண்ணில் எழுதினால் கோடு வழுவழுவென்று வரும், ஓரத்தில் மண் ஒதுங்கி மேடு கட்டும். இது சுட்ட பிறகு கூர்முனையால் கீறியது. அதாவது குயவர் எழுதியதாக இருக்க வேண்டியதில்லை. வாங்கிப் போனவர் தன் பெயரைத் தானே கீறியிருக்கலாம். இப்போதும் சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டித்தானே கொடுக்கிறோம்.

எனக்குப் பிடித்த கூடம் எது என்று கேட்டால் சமணமலை. உங்களுக்குப் பக்கம்தான், நாகமலைப் புதுக்கோட்டை வழியாகக் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். ஒரு பக்கம் செட்டிப்புடவு குகை: உள்ளே சிங்கத்தின்மேல் ஏறி யானைமேல் இருப்பவனோடு சண்டை போடும் அம்பிகை. படியேறினால் பேச்சிப்பள்ளம், சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகச் சமணத் திருமேனிகள், தலைக்குமேல் பாம்புப் படம் விரித்த பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி. ஆயிரம் வருஷத்துக்கு மேலான வேலை. பல உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் செய்வித்தவர் பெயர். அதில் ஒன்று: அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. யானைமலை, அழகர்மலை என்று போகிற மலையிலெல்லாம் சிற்பம் செய்வித்த துறவி அச்சணந்தி. அவருடைய அம்மா இங்கே தன் பெயரில் ஒன்று செய்வித்திருக்கிறார். பிள்ளைகளிடம் “இதான்டா லேபிள்” என்பேன். எந்தக் கூடத்திலும் லேபிள் படிக்காமல் ஓடுகிற பயல்கள் இந்த வட்டெழுத்தை மட்டும் எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதிக்கொள்வார்கள், ரகசிய எழுத்து கிடைத்த மாதிரி.

காகிதத்தில் வரைந்த மதுரை எங்கே என்றுதான் மகள் கேட்பாள். அங்கேதான் நமக்குப் பள்ளம். மனோகர் தேவதாஸ் 1936இல் மதுரையில் பிறந்தவர். சேதுபதி பள்ளியிலும் அமெரிக்கன் கல்லூரியிலும் படித்தவர். வேதியியல் படித்து வேலை பார்த்துக்கொண்டே கறுப்பு மையில், மயிரிழைக் கோட்டில் கோபுரத்தையும் வீதியையும் யானைமலையையும் வரைந்தார். விழித்திரை நோயால் பார்வை குறுகிக்கொண்டே வந்தது. குழல் வழியாகப் பார்ப்பது போலத் துண்டுதுண்டாகப் பார்த்துச் சேர்த்து வரைந்தார். 2020இல் பத்மஸ்ரீ, 2022 டிசம்பரில் மறைந்தார். ஓவியர் டிராட்ஸ்கி மருதுவும் 1953இல் மதுரையில் பிறந்தவர்தான். இவர்கள் வரைந்த கோடுகளை, பஸ் ஏறிப் போய்ப் பார்க்க மதுரையில் நிரந்தரமாக ஒரு பொது அறை வேண்டும். கட்டடம்கூட வேண்டாம், வெயில் படாத, கரையான் ஏறாத, ராமபாணப் பூச்சி புகாத ஒரே ஓர் அறை போதும். இதைப் பலரிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டை போனதுதான் மிச்சம்.

பயிற்சிக்கு அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது, ஓவிய வகுப்பும் உண்டு, செலவு அதிகமில்லை. மே 18 உலக அருங்காட்சியக தினம், நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். இந்த இரண்டு சமயத்திலும் அருங்காட்சியகங்களில் போட்டி, சொற்பொழிவு, பயிற்சி என்று ஏதாவது நடக்கும். போன் போட்டுக் கேளுங்கள். விளாச்சேரியில் கொலுவுக்கு இரண்டு மாதம் முன்னால் போனால் தெருவெல்லாம் வண்ணம் பூசாத களிமண் பொம்மைகள் வெயிலில் காயும். அது எந்தச் சிற்ப வகுப்புக்கும் குறைந்ததில்லை. ஆனால் அவர்களுக்கு அது பிழைப்பு. வேலை நேரத்தில் போய் நின்று கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யாமல், ஒரு பொம்மை வாங்கிக்கொண்டு பேசுங்கள்.

இப்போது உங்கள் கண்காட்சி. தாராளமாக நடத்தலாம். நான் முதன்முதலில் நடத்தியது எப்படி நாசமாய்ப் போனது என்று சொன்னால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். ஊரில் ஒரு கூடத்தை இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்கினோம். ஆணி அடிக்கக் கூடாது என்றார்கள், சரியென்று நாற்பது படத்தையும் செலோடேப்பில் ஒட்டினேன். ராத்திரி நல்ல மழை. சுண்ணாம்புச் சுவர் ஈரம் குடித்தது, டேப் பொறுப்பைத் துறந்தது. கூரையில் ஒரு மூலை ஒழுகும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. காலையில் கதவைத் திறந்தால் படங்கள் எல்லாம் தரையில், தண்ணீரில், முகங்குப்புற. வாட்டர்கலர் என்பதால் எல்லாம் ஒரே கலராகியிருந்தது. ஒரு சின்னப் பெண் தன் படத்தை எடுத்து உதறிப் பார்த்துவிட்டு, “இப்ப நெசமாவே மழை மாதிரி இருக்கு சார்” என்றாள். அவள் வரைந்தது மழை. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அதன்பிறகு டேப்பைத் தொட்டதில்லை. சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிச் சணல் கயிறு, துணி கிளிப். படத்தை நேராக மாட்டாமல் கெட்டிச் சார்ட் அட்டையில் நாலு மூலையும் செருகி, அட்டைக்குத்தான் கிளிப். கயிறு எந்த உயரம்? பெரியவர் கண்காட்சியில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145, 150 சென்டிமீட்டரில் இருப்பது வழக்கம். பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் பிள்ளைகள் என்பதால் நான் நாலடியில் கட்டுவேன். பெரியவர்கள் கொஞ்சம் குனியட்டும். இடம் கிளை நூலகமோ சமுதாயக்கூடமோ எதுவானாலும் முதல்நாள் மத்தியானம் போய் வெயில் எந்த ஜன்னல் வழியாக விழுகிறது என்று பார்த்துவிடுங்கள், கூரையையும் பாருங்கள்.

ஆளுக்கு ஒரு படம். அந்தப் படத்தைப் பிள்ளையே எடுத்துத் தரட்டும், நீங்கள் பொறுக்காதீர்கள். நாம் பொறுக்கினால் கூகுள் பார்த்து வரைந்த மயிலும் ராதாகிருஷ்ணனும்தான் வரும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டவே வேண்டாம். பரிசு வைத்த கண்காட்சிக்கு மறுவருஷம் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள், நானே பார்த்திருக்கிறேன். லேபிள் கட்டாயம்: பெயர், வகுப்பு, எதைப் பார்த்து வரைந்தது. தமிழில், வாசிக்கிற அளவு பெரிதாக. பார்வையாளர் நோட்டில் “நன்று, வாழ்த்துகள்” என்று எழுதிவிட்டுப் போவார்கள், அதனால் யாருக்கும் பிரயோசனமில்லை. நோட்டின் மேலே நீங்களே ஒரு கேள்வியை எழுதிவையுங்கள்: எந்தப் படத்துக்கு முன்னால் அதிக நேரம் நின்றீர்கள்? சாயங்காலம் பிள்ளைகள் அந்த நோட்டுக்கு அடித்துக்கொள்வதைப் பாருங்கள். நாற்காலி நாலு போடுங்கள், பாட்டிமார் உட்கார்ந்து பார்ப்பார்கள். வெளியே ஒரு பானையில் தண்ணீர்.

தேதி வைப்பதற்கு முன் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு பேச்சிப்பள்ளம் போய்வாருங்கள். வெள்ளன ஆறரைக்கெல்லாம் ஏறிவிடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் எழுத்து நிழல் கொடுத்துத் தெளிவாகத் தெரியும், ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடும். செருப்பு பிடிமானமானதாக இருக்கட்டும். எழுத்தின்மேல் சுண்ணாம்புக்கட்டி தேய்க்கவோ தண்ணீர் ஊற்றவோ விடாதீர்கள், பார்த்து எழுதினால் போதும்.